மெட்ரோ நிலையத்தைச் சுற்றிப் பகுதித் திட்டம் போடுவது எப்படி: எது முதலில், எது கடைசியில்

நிலையப் பகுதித் திட்டம் என்றதும் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் வேலை, வரைபடத்தில் நிலையத்தின் மேல் காம்பஸை ஊன்றி 500 மீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே விழும் மனைகளுக்கெல்லாம் எஃப்.எஸ்.ஐ-யை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவை, ஏற்றிவிடுவது. அரை நாளில் முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனால் 6 மீட்டர் தெரு, நடைபாதையை அடைத்து நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு சிக்னல் தாண்டிப் பேருந்து நிறுத்தம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். ஏற்றிய எஃப்.எஸ்.ஐ-யால் அங்கே ஒரு செங்கல்கூட நகராது, இல்லாவிட்டால் கட்டடம் எழும்பும், ஆனால் அதில் குடியேறுகிறவர்கள் காரில்தான் போவார்கள்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். எஃப்.எஸ்.ஐ கிட்டத்தட்டக் கடைசியில் வரும். சென்னையை வைத்து எழுதுகிறேன். கோவை, மதுரையில் சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இருக்கும் இடத்தில் அந்த ஊருக்கான நகரமைப்பு அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், வேலையின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். அந்தப் பகுதியின் நகர நில அளவை வரைபடம், டி.எஸ். எண்களோடு (ஒவ்வொரு மனைக்கும் உள்ள நகர அளவை எண்). புறநகர் என்றால் புலப்படமும் (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலத்தின் வகை, உரிமையாளர் பதிவேடு). சி.எம்.டி.ஏ-வின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடம். இது 2008-இல் வந்தது, 2026 வரைக்கும் என்று போடப்பட்டது, அதனால் அதில் குடியிருப்பு என்று நிறம் அடித்த இடத்தில் இன்று கிடங்கோ கல்யாண மண்டபமோ இருக்கலாம். அப்புறம் நிலையத்தின் வாசல்கள் எங்கே திறக்கின்றன என்று காட்டும் வரைபடம், அந்த வழியாகப் போகும் மாநகரப் பேருந்துத் தடங்கள், தெரு வாரியாக வழிகாட்டி மதிப்பு, மழைநீர் வடிகால் போகும் பாதை, கடந்த பெருமழைகளில் எங்கே எவ்வளவு நின்றது என்ற விவரம்.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில், க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். இதை ஏன் முதலிலேயே செய்யச் சொல்கிறேன் என்றால், மெட்ரோவின் வரைபடமும் நில அளவை வரைபடமும் அநேகமாக ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காரும். அந்த இரண்டு மீட்டரில்தான் நடைபாதை இருக்கிறது.

நிலையத்தின் பெயரையும் மையப் புள்ளியையும் மட்டும் வாங்கிவந்து வேலையைத் தொடங்குவது வழக்கமான தவறு. பயணிக்கு நிலையம் என்பது வாசல்தான். சாலையின் எந்தப் பக்கம் வாசல் என்பதைப் பொறுத்து ஒரு தெருவே உள்ளே வரும் அல்லது வெளியே போகும்.

2. யாருடைய சாலை, யாருடைய கையெழுத்து

வரைய ஆரம்பிக்கும் முன் ஓர் அட்டவணை போடுங்கள். நிலைய வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டு நிலமும் சாலையும் யாருடையது? மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா, ரயில்வேயா, புறம்போக்கா? நிறுத்தத்தை நகர்த்த மாநகர் போக்குவரத்துக் கழகமும் போக்குவரத்துக் காவலும் சம்மதிக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்த மின்வாரியம், மேன்ஹோலை உயர்த்தக் குடிநீர் வாரியம். பழைய மாமல்லபுரம் சாலை என்றால் அதைப் பராமரிக்கத் தனி நிறுவனமே இருக்கிறது.

இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் சென்னையில் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. சட்டம் 2010-இல் வந்தது, முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடந்தது, ஒருங்கிணைப்பு எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. மெட்ரோ ரயிலுக்கு மத்திய நிதி கேட்கும் நகரத்தில் இப்படி ஓர் அமைப்பு இருந்தாக வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கையும் சொல்கிறது. உங்கள் திட்டத்தின் முதல் வரைவு அங்கே போய்ச் சேர வேண்டும், முடிந்த வரைவு போனால் போதாது. முடிந்ததைக் கொண்டுபோனால் ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒன்றை வெட்டும், கடைசியில் மிஞ்சுவது எஃப்.எஸ்.ஐ பக்கம் மட்டும்.

அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாக வையுங்கள்: பணம் யார் தலையில்? அதைக் காலியாக விட்ட வரிகள் எல்லாம் நடக்காத வேலைகள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. எல்லையை வட்டமாகப் போடாதீர்கள், நடந்து போடுங்கள்

நிலையங்களை ஒட்டிய வளர்ச்சிக்கென்று அதே 2017-இல் வந்த இன்னொரு தேசியக் கொள்கை (டி.ஓ.டி கொள்கை) நிலையத்தின் தாக்கப் பகுதியை ஏறக்குறைய 500 முதல் 800 மீட்டர், அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிட நடை என்று சொல்கிறது. அளவு சரிதான், அது நடை தூரம் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் சுமார் 78 ஹெக்டேர் அடங்கும். தெரு வழியே 500 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பரப்பு அதில் பாதிகூட வராத இடங்கள் நம் ஊரில் நிறைய. காரணம் கால்வாய், தண்டவாளம், நீண்ட மதில்.

பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் மயிலாப்பூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. நிலம் எடுப்பது சுலபம் என்று பெரும்பகுதியைப் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போட்டார்கள். அதனால் பல நிலையங்களுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சந்து. வட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் தெரியும், அவற்றில் பாதிப் பேருக்கு அடுத்த பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்களுக்குள் கடைகளுக்கு என்று விட்ட தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

எல்லை போடும் முறை இதுதான். வினாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பை தூக்கிய அம்மாவின் நடை அது. பத்து நிமிடத்துக்கு 600 மீட்டர். வழியில் ஒரு சிக்னலில் 90 வினாடி நிற்க வேண்டுமென்றால் 90 மீட்டரைக் கழித்துவிடுங்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வீடுகள் பல இப்படித்தான் எல்லைக்கு வெளியே போகும். போகட்டும். எந்த இடத்தில் ஒரு வழி திறந்தால் எத்தனை வீடுகள் திரும்ப உள்ளே வரும் என்பது 6-ஆவது படியில் உங்களுக்குத் தேவைப்படும்.

4. மூன்று வேளை நடங்கள்

காலை நெரிசலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிறவர்களின் அறிக்கையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதில் தெரு அகலமாக இருக்கும்.

எதைக் குறிப்பது? நடைபாதையில் எஞ்சியிருக்கும் அகலம்தான் முதலில். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். காகிதத்தில் 2.5 மீட்டர் நடைபாதை என்று இருக்கும். நேரில் டேப்பை வைத்தால் மின்பெட்டி 60 சென்டிமீட்டர், அதன் கம்பி வேலி இன்னும் 30, சரிந்த ஸ்லாப், கடையின் விளம்பரப் பலகை, கடைசியில் மிஞ்சுவது ஒருவர் பக்கவாட்டில் திரும்பிப் போகிற இடம். காலையில் அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்றால் எல்லோரும் எந்த இடத்தில் சாலையில் இறங்குகிறார்கள் என்பது தெரியும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் சிவப்பில் வையுங்கள், திட்டத்தின் மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலைகள் அவைதான்.

கடைக்காரர்களையும் குறியுங்கள், இடைஞ்சல் என்று அல்ல, பயன்பாடு என்று. பூக்கடையும் இட்லிக் கடையும் இருக்கும் தெருவில்தான் இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களை நகர விற்பனைக் குழு வழியாகத்தான் இடம் மாற்ற முடியும், உங்கள் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டால் அவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள்.

வாடகை வீடுகள், மேன்ஷன்கள், பெண்கள் விடுதிகள் எங்கே என்றும் கேட்டு எழுதுங்கள். ரயிலில் அதிகம் ஏறப்போவது இவர்கள்தான், நிலத்தின் விலை ஏறினால் முதலில் வெளியேறப்போவதும் இவர்கள்தான்.

5. பேருந்துக்கு இடம் ஒதுக்குவது முதல் வரைதல்

இப்போதுதான் பென்சில் எடுக்கலாம். முதலில் வரைய வேண்டியது பேருந்து. காரணம் எளிது, பேருந்துக்கு வேண்டிய நிலம் பெரியது, அதை எழுப்பிய கட்டடத்துக்கு நடுவில் பிறகு கண்டுபிடிக்க முடியாது. 12 மீட்டர் நீளப் பேருந்து ஒரே மூச்சில் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் அகலம் வேண்டும். நான்கு வண்டி காத்து நிற்க இடம், ஓட்டுநர் நடத்துநருக்குக் கழிப்பறை, டீ குடிக்க நிழல். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் வண்டி அங்கே நிற்காது, எந்த அட்டவணை போட்டாலும்.

கிளாம்பாக்கம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். 88 ஏக்கரில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது, 2024 தொடக்கத்தில் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது, ஆனால் திறந்த நாளில் கிளாம்பாக்கத்துக்கென்று ஒரு ரயில் நிலையம் கிடையாது. மூட்டை முடிச்சோடு வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி மறுபடி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. கட்டடத்தில் குறை இல்லை. முனையத்துக்கான அட்டவணையும் ரயில் நிலையத்துக்கான அட்டவணையும் வேறு வேறு மேசைகளில் ஓடியதுதான் குறை. திறப்பு விழா தேதியை ஒன்றோடொன்று கட்டிப்போடும் வரி உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும்: இது முடியாமல் அது திறக்காது.

இணைப்புப் பேருந்துக்குக் கணக்குப் போடாமல் ‘பத்து நிமிடத்துக்கு ஒன்று’ என்று எழுதாதீர்கள். போய்வர 50 நிமிடம், அதில் இரு முனையிலும் நிற்கும் நேரமும் சேர்த்தி என்றால், பத்து நிமிட இடைவெளிக்கு 5 வண்டி வேண்டும், பதினைந்து நிமிடம் என்றால் 4, அதோடு பழுதுக்கு ஒன்று. ஒரு சிக்னலில் ஐந்து நிமிடம் கூடினாலே பத்து நிமிடச் சேவைக்கு ஆறாவது வண்டி தேவைப்படும். அதனால்தான் வண்டியை வாங்குவதைவிட அந்த ஒரு சிக்னலைச் சரிசெய்வது சில இடங்களில் மலிவு.

கடைசி ரயிலுக்குப் பிறகு ஒரு கடைசிப் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவு வேலைக்காரர்கள் காலையிலும் ரயிலை விட்டுவிட்டு பைக்கை எடுப்பார்கள், போக ஒன்று வர ஒன்று என்று யாரும் வாழ்வதில்லை.

நிறுத்தத்துக்கும் நிலைய வாசலுக்கும் இடையே சாலையைக் கடக்க வேண்டி வரக்கூடாது. முடியாவிட்டால் கடக்கும் இடம் தரைமட்டத்திலேயே, சிக்னலோடு. நகரும் படிக்கட்டு வைத்த மேம்பாலத்தை எல்லோரும் முன்மொழிவார்கள், அந்தப் படிக்கட்டு ஓடுகிறதா என்று யார் பார்ப்பார்கள் என்பதை அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள்.

6. குறுக்கு வழிகளைத் திறப்பது

3-ஆவது படியில் போட்ட எல்லைக்கு இப்போது வேலை வருகிறது. வெளியே போன வீடுகளை உள்ளே கொண்டுவர எந்த மதிலில் ஒரு கதவு, எந்தக் கால்வாயில் ஒரு நடைபாலம், எந்த மனையின் ஓரத்தில் மூன்று மீட்டர் சந்து வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை வீடுகள் பயன்பெறும் என்று எழுதி, அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் இது எவ்வளவு தாமதமாகப் புரிந்தது என்று பார்த்தால் வேதனைதான். 2000-இல் டைடல் பார்க் வந்தது, அதைத் தொடர்ந்து சாலை நெடுகப் பெரிய பெரிய வளாகங்கள், நுழைவாயிலெல்லாம் பிரதான சாலையை மட்டும் பார்த்து. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரும் மெட்ரோ வழித்தடத்தின் கட்டுமானம் இருபது ஆண்டு கழித்து. அதற்குள் குறுக்குத் தெருக்கள் இருக்க வேண்டிய இடத்தில் மதில்கள், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகவோ கால்வாய்க்கு மேல் பாலங்கள் குறைவு. நிலையத்துக்கு நேர் பின்னால் இருப்பவர்கூட சுற்றி வர வேண்டும்.

நிலத்தை எப்படிப் பெறுவது? விலைக்கு வாங்குவது கடைசி வழி. பெரிய மனைகளில் கட்டட அனுமதி கேட்டு வரும்போதே தெருவுக்கான நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகக் கொடுத்தாக வேண்டும். அந்தத் திறந்தவெளி எந்த மூலையில் வர வேண்டும் என்று உங்கள் திட்டம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது நிலையத்துக்குப் போகும் வழியை ஒட்டி விழும். சொல்லாவிட்டால் விற்க முடியாத பின்மூலையில்தான் பூங்கா வரும். ஆகவே அனுமதி விண்ணப்பங்கள் குவிவதற்கு முன் இந்தப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். ஒரு மனையைத் தவறவிட்டால் அடுத்த அறுபது ஆண்டுக்கு அந்தச் சந்து கிடையாது.

7. தண்ணீர்க் கணக்கு

எஃப்.எஸ்.ஐ பற்றிப் பேசும் முன் இதை முடித்துவிடுங்கள், சின்னக் கணக்குத்தான். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ 2 என்றால் கட்டக்கூடியது சுமார் 8,094, அதுவே 3.25 என்றால் 13,153. கூடுதல் 5,000 சதுர மீட்டர் சொச்சம். வீடு ஒன்றுக்கு 100 என்று வைத்தால் 50 வீடு, 200 பேர். தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவில் 27,000 லிட்டர். குழாயில் வராவிட்டால் தினம் மூன்று 9,000 லிட்டர் லாரிகள், ஓர் ஏக்கருக்கு மட்டும், நீங்கள் அரும்பாடுபட்டுத் திறந்த அதே தெருவில். கழிவுநீருக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

தண்ணீர் நிற்கும் இடங்களையும் இங்கேயே நீக்கிவிடுங்கள். நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஏரிக்கரையில் அடர்த்தி ஏற்றக்கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

8. இப்போது எஃப்.எஸ்.ஐ, கூடவே பார்க்கிங்

பலர் தடுக்கி விழும் இடம் இது. அதே 2019 கட்டட விதிகளில் உயரமான கட்டடங்களுக்கான 3.25 எஃப்.எஸ்.ஐ, சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால்தான். பிரீமியம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்.எஸ்.ஐ-யும் சாலை அகலத்தைப் பொறுத்தது: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40, 9 முதல் 12-க்குள் 30. சைதாப்பேட்டை மாதிரிப் பழைய பகுதியில் நிலையத்துக்கு மிக அருகில் இருக்கும் தெருக்கள்தான் மிகக் குறுகல். ஆக, வட்டம் போட்டு உயர்த்தும் எஃப்.எஸ்.ஐ பிரதான சாலையை ஒட்டிய முதல் வரிசை மனைகளுக்கு மட்டும் போகும், உள்ளே இருக்கும் 600 சதுர அடிக்காரருக்கு ஒன்றுமில்லை.

அதனால் மனைகளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, அகலச் சாலையில் பெரிய மனை, இங்கே முழு உயரமும் போகலாம், பதிலுக்குச் சந்து, தரைத்தளக் கடைகள், மதிலில்லாத முகப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். இரண்டாவது, அக்கம்பக்கத்தார் சேர்ந்தால் பெரிதாகும் மனைகள், சேர்ந்து வந்தால் மட்டும் கூடுதல். மூன்றாவது, சின்ன மனைகள், இவற்றுக்கு உயரத்தைவிடப் பயன்பாட்டில் தளர்வுதான் உதவும்: மாடியில் இரண்டு வாடகை அறை, கீழே தையல் கடை, கார் நிறுத்த இடம் கட்டாயம் என்பதிலிருந்து விலக்கு.

பார்க்கிங்கை விட்டுவிட்டால் முந்தைய ஏழு படிகளும் வீண். ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர், வந்து போகும் வழியையும் சேர்த்தால் 25 சதுர மீட்டருக்குக் குறையாது. ஓர் அறை, சமையலறை, குளியலறை அதற்குள் அடங்கிவிடும். நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் குறைந்தபட்சப் பார்க்கிங் என்பதை அதிகபட்சமாக மாற்ற முன்மொழியுங்கள். கூடவே தெருவில் நிறுத்தக் கட்டணம் வையுங்கள், இல்லையென்றால் உள்ளே நிற்க வேண்டிய கார் உங்கள் 1.8 மீட்டரில் வந்து நிற்கும்.

பிரீமியம் கட்டணமாக வரும் பணம் அதே பகுதியின் நடைபாதைக்கும் குழாய்க்கும் திரும்ப வருகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொதுக் கணக்கில் கலந்தால் கலந்ததுதான்.

9. மக்கள் கூட்டம், பிறகு அறிவிக்கை

கூட்டத்தில் நிறம் பூசிய வரைபடத்தைக் காட்டாதீர்கள். ஒருவருக்கும் அதில் தன் வீடு தெரியாது, தெரிந்தவர் நிலத் தரகராக இருப்பார். தெருப் பெயர், கோயில், ரேஷன் கடை, பள்ளி எல்லாம் எழுதிய பெரிய படத்தை ஒட்டி, “ஐயா, உங்க வீடு எதுன்னு காட்டுங்க, ஸ்டேஷனுக்கு எந்த வழியா வருவீங்க?” என்று கேளுங்கள். மதில் எந்த இடத்தில் ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். முதல் கேள்வி எப்போதும் “எங்க வீட்ட எடுப்பீங்களா?” என்பதுதான். அதற்கு டி.எஸ். எண் வாரியாக நேரான பதில் தயாராக இல்லாமல் கூட்டத்துக்குப் போகவே போகாதீர்கள். நிலத் தகராறு ஒன்று நீதிமன்றம் போனால் என்னவாகும் என்பதற்கு வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான பறக்கும் ரயில் நீட்டிப்பு சாட்சி. 5 கிலோமீட்டர்ப் பாதை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டருக்காக ஆண்டுக்கணக்கில் நின்றது.

பேருந்துக்கும் வாடகை வீடுகளுக்கும் ஒதுக்கிய நிலத்தை எஃப்.எஸ்.ஐ அறிவிப்புக்கு முன்பே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அறிவிப்பு வந்த மறுவாரம் விலை ஏறும், பிறகு அந்த நிலம் உங்களுக்குக் கிடைக்காது.

10. நிலையம் திறந்த பிறகு

ஆறு மாதம் கழித்து அதே மூன்று வேளைகளில், அதே சிவப்புப் புள்ளிகளில் போய் நில்லுங்கள். வாசலுக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று எண்ணுங்கள்: நடந்து, பேருந்தில், ஷேர் ஆட்டோவில், பைக்கில் இறக்கிவிடப்பட்டு. ஷேர் ஆட்டோ கூட்டமாக நிற்கும் இடத்தில் ஒரு பேருந்துத் தடம் குறைகிறது என்று அர்த்தம், ஆட்டோவை விரட்டும் முன் அந்தத் தடத்தை ஓட்டிப் பாருங்கள். அனுமதி பெற்ற கட்டடங்கள் தருவதாகச் சொன்ன சந்துகள் திறந்திருக்கின்றனவா, கேட் போட்டுக் காவலாளியை உட்கார வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பணி நிறைவுச் சான்று கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யும் அதிகாரி யார் என்பதை 2-ஆவது படியின் அட்டவணையில் சேர்த்துவிட்டால், கேட்டைத் திறக்கச் சொல்லிப் பின்னாலேயே அலைய வேண்டியதில்லை.